கள் கலயமும் சுண்ணாம்புக் கலயமும்: தருமபுரி வட்டாரத்தில் ஒரு பானையின் வரலாறு

பனை, தென்னை ஆகிய மரங்களின் பாளையைச் சீவி, அதில் வடியும் சாற்றைப் பிடிக்க மரத்தில் கட்டும் சிறு மண்பானை கலயம் எனப்படும். முட்டி என்றும் இதைச் சொல்வர். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். கொங்கு வட்டாரத்தில் இதற்குத் தெளுவு என்று பெயர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுபவரும் ஒருவரே. கலயத்தை எப்படிக் கழுவினார், எதைத் தடவினார் என்பதே வேறுபாடு. இந்தச் சிறிய வேறுபாட்டின் மேல்தான் தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டம் நின்றது. அச்சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த நிலப்பகுதியில் இன்றைய தருமபுரி மாவட்டமும் அடங்கும். எனவே இவ்வட்டாரத்துக் கலயத்தின் வரலாறு ஒரு வகையில் மதுவிலக்கின் வரலாறும் ஆகும்.

தகடூரும் பழைய கலங்களும்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் இது. அவன் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235ஆம் பாடலாக உள்ளது. சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்றும், நிறையக் கிடைத்தால் தாம் பாட, தானும் உடனிருந்து உண்டு மகிழ்வான் என்றும் அவர் நினைவுகூர்கிறார். 232ஆம் பாடலில் அவனுக்கு எடுத்த நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடிகட்டிய கள்ளைச் சிறு கலத்தில் படைக்கும் காட்சி வருகிறது. கள்ளை நாரால் அரித்துத் தூய்மை செய்யும் பழக்கம் அக்காலத்திலேயே இருந்ததை இதனால் அறியலாம்.

பிற்கால நடுகற்கள் தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பலவற்றில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டுள்ளன. கெண்டியைக் கள் வைக்கும் கலம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

சங்க காலத்தில் மரத்துக் கள் மட்டுமல்லாமல் வீட்டிலேயே தானியத்தில் காய்ச்சிய மதுவும் இருந்தது. அரிசியில் செய்த மதுவுக்குத் தோப்பி என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை நறும்பிழி என்னும் மதுவைச் செய்யும் முறையையே வரிசையாகச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, அடை சேர்த்துக் கலக்கி, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் பின்னர் அரித்தெடுப்பர். அந்த அடை நெல்முளையை இடித்துச் செய்தது என்று உரைகள் விளக்கும். இன்று பார்லியை முளைகட்டிப் பீர் செய்வதும் அடிப்படையில் இதே முறைதான். அந்தப் பாட்டும் சாடியைக் குறிப்பிட மறக்கவில்லை. அதன் வாய் வலிமையானது என்று சொல்கிறது. மது செய்பவருக்குக் கலம் எவ்வளவு முக்கியம் என்பது அன்றே தெரிந்திருந்தது.

சாறு கள்ளாவது எப்படி

பாளையிலிருந்து வடியும்போது சாறு இனிப்பாக இருக்கும். அதில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு சர்க்கரை உண்டு. அதன் பி.எச். அளவு 7ஐ ஒட்டியிருக்கும். அதாவது அமிலமும் இல்லை, காரமும் இல்லை. காற்றிலும் பாளையிலும் பூச்சிகளின் உடலிலும் கலயத்தின் சுவரிலும் உள்ள ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் அதில் சேர்ந்தவுடன் நொதித்தல் தொடங்கிவிடும். ஈஸ்டு சர்க்கரையை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நுரை பொங்குவது இந்த வாயுவினால்தான். கள்ளைப் புட்டியில் ஊற்றி இறுக மூடினால் புட்டி வெடிப்பதற்கும் இதுவே காரணம். சில மணி நேரத்தில் ஆல்ககால் 4, 5 விழுக்காட்டை எட்டும். மேலும் ஒரு நாள் விட்டால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிக் கள் புளித்துக் காடியாகும்.

மண்கலயத்தின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. நேற்றைய சாற்றில் இருந்த ஈஸ்டு அவற்றில் தங்கிவிடும். புதிய சாறு விழுந்ததும் அது வேலையைத் தொடங்கும். எனவே கலயத்தை வெறுமனே அலசினால் மட்டும் போதாது.

சுண்ணாம்பு இதைத் தடுப்பது எளிய வேதியியல். நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும். இது காரத்தன்மை உடையது. சாறு காரமாக இருக்கும்வரை ஈஸ்டு பெருக முடியாது. ஆனால் சுண்ணாம்புப் பூச்சின் ஆற்றல் நிலையானதன்று. காற்றிலுள்ள கரியமில வாயு படப்படச் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சாதாரணச் சுண்ணாம்புக்கல்லின் பொருளாக மாறிவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் அது பால் போல வெண்மையாவதை மாணவர்கள் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பார்கள். அதே வினைதான் கலயத்தின் சுவரிலும் நடக்கிறது. முந்தாநாள் பூசிய சுண்ணாம்பும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் நொதித்தலைத் தடுக்கும் வலிமை அதில் இராது. ஆகவே ஒவ்வொரு முறை கலயம் கட்டும்போதும் புதிதாகப் பூச வேண்டும்.

கலயத்தைத் துப்புரவு செய்யும் முறை

பதநீருக்கான கலயத்தைச் சாறு வடித்தவுடன் தண்ணீர் ஊற்றி நார் கொண்டு தேய்த்துக் கழுவுவார்கள். உள்ளே படிந்த பழைய சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு வெயிலில் கவிழ்த்து உலர்த்துவார்கள். நன்கு காய்ந்த பின் நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்து உட்சுவரில் மெல்லியதாகத் தடவி மரத்தில் ஏற்றுவார்கள். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். மிகுந்தால் பதநீரில் காரல் ஏறும். வெல்லம் காய்ச்சும்போது நிறமும் பதமும் கெடும். அளவு கையின் பழக்கத்தில்தான் இருந்தது.

ஈச்சஞ்சாறு எடுக்கும் வங்காளத்தில் பானையைக் கழுவிய பின் தீயின் மேல் கவிழ்த்துப் புகையூட்டும் வழக்கம் உண்டு. சூடும் புகையும் நுண்துளைகளில் தங்கிய உயிரிகளைக் கொல்லும். இலங்கையில் கித்துள் சாறு இறக்குவோர் கலயத்தில் ஹல் என்னும் மரத்தின் பட்டையைப் போட்டு நொதித்தலைத் தாமதப்படுத்துவர். பொருள்கள் வேறாயினும் நோக்கம் ஒன்றே.

கள்ளுக்கான கலயத்தில் கணக்கு வேறு. அதைச் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டால் நொதித்தல் பிந்தும். அடியில் சிறிது மண்டி இருந்தால் புதிய சாறு விரைவில் கள்ளாகும். பாலுக்கு உறைமோர் எப்படியோ அப்படிச் சாற்றுக்கு இந்த மண்டி. ஆனால் பல நாள் கழுவாமல் விட்டால் காடியாக்கும் பாக்டீரியா மிகுந்து கள் சீக்கிரம் புளித்துவிடும். எனவே கள் இறக்குபவரும் கலயத்தைக் கழுவத்தான் வேண்டும். எவ்வளவு கழுவுவது என்பதில்தான் அவரது அனுபவம்.

பீர்ப் பீப்பாய் கற்ற பாடம்

ஐரோப்பாவில் பீரை மரப் பீப்பாய்களில் வைத்தனர். மரத்திலும் நுண்துளைகள் உண்டு. நேற்றைய பீரின் கிருமி நாளைய பீரைக் கெடுக்கும் தொல்லை அங்கும் இருந்தது. வெந்நீராலும் நீராவியாலும் பீப்பாயைக் கழுவினர். ஜெர்மானியர் உட்புறத்தில் பிசின் பூசித் துளைகளை அடைத்தனர். 1876இல் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டு, பீர் கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்று விளக்கிய பிறகு, துப்புரவு கைப்பழக்கம் என்ற நிலையிலிருந்து அறிவியலாக மாறியது.

தருமபுரிக்கு அண்டையிலுள்ள பெங்களூரிலும் நீலகிரியிலும் பிரிட்டிஷ் படையினருக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பீர் ஆலைகள் எழுந்தன. அத்தகைய ஐந்து ஆலைகள் 1915இல் இணைந்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனம் ஆயின.

இருபதாம் நூற்றாண்டில் மரப் பீப்பாயின் இடத்துக்கு உலோகப் பீப்பாய் வந்தது. மேலை நாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுவோர், குளிர்பானப் பாகு அனுப்பப் பயன்பட்ட துருப்பிடிக்காத எஃகுப் பீப்பாய்களைப் பழைய விலைக்கு வாங்கிப் பயன்படுத்தினர். அதைப் பேணும் முறையும் நம் கலயத்தை நினைவூட்டுகிறது. முதலில் தண்ணீரால் அலசல், பிறகு காரக் கரைசலால் கழுவல், மீண்டும் அலசல், கடைசியில் கிருமி நீக்கும் நீர்மம். உட்சுவரில் கால்சியம் ஆக்சலேட் கல் போலப் படியும். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். மூடியிலும் குழாய் இணைப்பிலும் உள்ள ரப்பர் வளையங்களைக் கழற்றித் தனியே கழுவ வேண்டும். மணம் ஏறிய வளையத்தை மாற்ற வேண்டும். அலுமினியப் பாத்திரத்துக்குக் காரம் ஆகாது, அரித்துவிடும். சுண்ணாம்பு தடவிய சாற்றை அலுமினியத்தில் வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பீர் காய்ச்சுபவர் தாம் விரும்பும் ஈஸ்ட்டை மட்டும் வேலை செய்யவிடப் பீப்பாயைக் கழுவுகிறார். பதநீர் இறக்குபவர் எந்த ஈஸ்ட்டும் வேலை செய்யாதிருக்கக் கலயத்தைக் கழுவுகிறார். முதலாமவரின் துப்புரவு தவறினால் பீர் கெடும். இரண்டாமவரின் துப்புரவு தவறினால் சாறு கெடுவதோடு, அவர் சட்டத்தின் பிடியிலும் சிக்குவார். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை இனிக் காணலாம்.

அப்காரியும் மரவரியும்

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி ஆங்கிலேயரின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடின் கீழ் தாமஸ் மன்றோ தருமபுரியில் இருந்து நிலவரி ஏற்பாடுகளைக் கவனித்தார். நிலத்துக்கு அடுத்தபடியாகக் கள்ளும் சாராயமும் அரசுக்கு வருவாய் தந்தன. இந்த வரித்துறைக்கு அப்காரி என்று பெயர். 1886இல் சென்னை மாகாணத்துக்கு அப்காரிச் சட்டம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரவரி முறை பரவியது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் குறித்து, மரத்துக்கு இவ்வளவு என்று வரி வாங்கினர். கள்ளுக்கடைகள் தனியே ஏலம் விடப்பட்டன.

இனிப்புச் சாறு இறக்கும் மரத்தைக் கள் இறக்கும் மரத்திலிருந்து எப்படிப் பிரிப்பது? மரத்தைப் பார்த்தால் தெரியாது. மேலே கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்பதே அடையாளம். வீட்டுக் கைப்பழக்கமாக இருந்த சுண்ணாம்புப் பூச்சு இவ்வாறு அரசாங்கத்தின் அளவுகோலாயிற்று.

1937: சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு

சி. இராஜகோபாலாச்சாரியார் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்கு அருகில் உள்ளது. அன்று அது சேலம் மாவட்டம். சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த அவர், 1925இல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 1929இல் அங்கிருந்து விமோசனம் என்னும் இதழை நடத்தினார். கல்கி அதில் பணியாற்றினார். அதற்கு முன்பே, 1921இல், கள்ளுக்கடை எதிர்ப்பின்போது ஈ.வெ.ரா. தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தார்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமராக இராஜாஜி பொறுப்பேற்றார். அவ்வாண்டு இயற்றிய மதுவிலக்குச் சட்டம் அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்தில் அடங்கியிருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்றுதான். கிருஷ்ணகிரி 2004இல் அதிலிருந்து பிரிந்தது. எனவே சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு தொடங்கிய மண் என்று தருமபுரியையும் சொல்லலாம். 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் 1939இல் வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பின்னாளில் நாம் கடையில் கொடுத்துவந்த விற்பனை வரியின் வேர் இங்கே இருக்கிறது.

சட்டம் கள்ளைத் தடுத்தது. ஆனால் நொதிக்காத சாற்றைத் தனியே பிரித்துப் பார்த்தது. நொதிக்காதபடி பக்குவம் செய்த கலத்தில் இறக்கிய சாறு கள் ஆகாது. தொழிலை இழந்த மரமேறிகளைப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் பக்கம் திருப்புவதே அன்றைய எண்ணம். காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழில் பனைவெல்லத்தை வலியுறுத்தி எழுதினார். 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், தமிழரான ஜே. சி. குமரப்பாவின் வழிகாட்டுதலில் இத்தகைய தொழில்களை ஊக்குவித்தது.

மரமேறியின் கணக்கு

கொள்கை நல்லது, ஆனால் மரமேறியின் பக்கமிருந்து பார்த்தால் அதன் சுமை விளங்கும். கள்ளுக்குக் கலயத்தை ஓரளவு கழுவினால் போதும். பதநீருக்கு நாள்தோறும் கழுவி, சுரண்டி, உலர்த்தி, சுண்ணாம்பு தடவ வேண்டும். ஒருவர் நாளொன்றுக்குப் பல மரங்களில் காலையும் மாலையும் ஏறுவார். அத்தனை கலயங்களுக்கும் இவ்வேலை உண்டு. சுண்ணாம்பு விலைக்கு வாங்க வேண்டும். வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும். பதநீரைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் மணிக்கணக்கில் அடுப்பின் முன் நின்று காய்ச்சுவர். கள் அன்றே காசாகும். வெல்லம் சந்தைக்குப் போய் விலைபோன பிறகே காசாகும்.

மற்றொரு பக்கமும் உண்டு. கூலியில் பாதி கள்ளுக்கடையில் கரைந்து, வீட்டில் அடுப்பு எரியாத குடும்பங்கள் இருந்தன. மதுவிலக்கை அந்தப் பெண்கள் வரவேற்றதற்குக் காரணம் தெளிவானது. குடிப்பவரின் வீடும் இறக்குபவரின் வீடும் ஏழை வீடுகளே. ஒரு வீட்டைக் காக்க எடுத்த முடிவின் சுமை இன்னொரு வீட்டின் மேல் ஏறியது என்பதை வரலாறு படிப்போர் இரு பக்கமும் நின்று பார்க்க வேண்டும்.

கலயத்தின் வெண்மையைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. புதுச் சுண்ணாம்பும் ஆற்றல் இழந்த பழைய சுண்ணாம்பும் ஒன்றுபோலத் தோன்றும் என்று மேலே கண்டோம். சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறினால் சாறு இன்னும் காரமாக உள்ளது என்று பொருள். நீல லிட்மஸ் சிவப்பானால் சாறு புளிக்கத் தொடங்கிவிட்டது. ஆறாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய சோதனை இது.

விடுதலைக்குப் பின்

இராஜாஜி அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகியது. உலகப் போர்க் காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1946இல் மீண்டும் தொடங்கி, ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறையாயிற்று. 1971இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1973இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1974இல் மதுவிலக்கு மீண்டும் முழுமையானது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளும் சாராயமும் மறுபடி அனுமதி பெற்றன. 1987 ஜனவரி 1 முதல் கள் தடை செய்யப்பட்டது; அத்தடை இன்றும் தொடர்கிறது.

1937ஆம் ஆண்டுச் சட்டமே திருத்தங்களுடன் இன்றும் தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டமாக உள்ளது. உரிமம் இல்லாமல் வீட்டில் கள்ளோ பீரோ செய்வது அதன்படி குற்றம். ஆலையில் செய்த மது அரசுக் கடையில் விற்கிறது. மரத்தில் இறங்கும் கள்ளுக்கு மட்டும் தடை ஏன் என்று உழவர் அமைப்புகள் கேட்டு வருகின்றன. கள்ளில் மயக்க மருந்துகள் கலக்கும் கலப்படத்தைத் தடைக்கு ஆதரவானோர் சுட்டுகின்றனர். அண்டை மாநிலமான கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு.

சுண்ணாம்பில்லாத கலம்

அண்மைக் காலத்தில் கலயத்தின் வரலாற்றில் புதிய திருப்பம் ஏற்பட்டுள்ளது. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், பனிக்கட்டி வைத்த பெட்டிக்குள் சாற்றைப் பிடிக்கும் கருவியை உருவாக்கியது. சுண்ணாம்பு செய்த வேலையை இங்கே குளிர் செய்கிறது. சாற்றில் காரல் இராது. ஆனால் பெட்டியும் குழாயும் பையும் சிறிதும் அழுக்கின்றி இருந்தால்தான் இது பயன் தரும். தமிழ்நாட்டில் 2017இல் சட்டத்தைத் திருத்தி, தென்னையிலிருந்து நொதிக்காத நீரா இறக்க வழி செய்யப்பட்டது. இங்கும் சட்டம் கேட்கும் கேள்வி பழையதே: சாறு நொதித்ததா, இல்லையா?

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். மரத்தைப் போற்றும் நாம், அதில் ஏறியவரின் கைத்திறனையும் பதிவு செய்ய வேண்டும். நார் கொண்டு தேய்ப்பது, கவிழ்த்து உலர்த்துவது, சுண்ணாம்பை அளவாகத் தடவுவது ஆகிய இவை நூலில் எழுதாத நுண்ணுயிரியல். மண்கலயத்தின் இடத்துக்குப் பிளாஸ்டிக் குடுவை வந்துவிட்ட ஊர்களில் இந்த அறிவும் குறைந்து வருகிறது. ஊரில் மரமேறிய முதியவர்கள் இருந்தால், மாணவர்கள் அவர்களிடம் கலயம் கழுவும் முறையைக் கேட்டு எழுதி வைக்கலாம். மதுவிலக்கின் வரலாற்றை அரசாணைகள் ஒரு பக்கம் சொல்லும். மறுபக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது.